கைமுதலா, கைச்செலவா?

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு தேநீர்க் கடை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த தம்பி ஒருவர், தே தாரேக் ஆறுவதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்து என் முன்னே வைத்தார். மளிகைக் கடைக் கடனை எழுதி வைக்க நம் வீடுகளில் புழங்குமே, அந்த உள்ளங்கை அளவு நோட்டு. இதில் கடன் கணக்கு இல்லை. மூன்று மாதமாக அவர் ஆன்லைனில் ஆடிய போக்கர் போட்டிகளின் கணக்கு இருந்தது. முதல் பக்கத்தின் தலையில் ‘முதல் 110.00’ என்று எழுதி அடிக்கோடு. கீழே தேதி, கட்டியது, வந்தது, மிச்சம் என்று நான்கு கட்டம். அடித்தல் திருத்தல் எங்குமே இல்லை.

“அண்ணே, நான் சூதாடல. நூறு பை-இன் கைமுதல் வெச்சுத்தான் ஆடுறேன். இது கணக்கு” என்றார்.

அவர் சொன்னதைச் சிரித்து ஒதுக்கவும் மனம் வரவில்லை, தலையாட்டி ஏற்கவும் முடியவில்லை. கணக்கு எழுதுகிற மனிதனுக்குக் கணக்காகவே பதில் சொல்ல வேண்டும். சிறு தொகைப் போட்டிகளில் கைமுதலைக் காக்க உலகம் முழுவதும் சொல்லப்படும் விதி எவ்வளவு தாங்கும்? பினாங்கில் உட்கார்ந்து ஆடுபவருக்கு அது எதைக் காத்துத் தரும், எதைத் தராது?

முதலில் விதிக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். போக்கர் போட்டியில் நுழைவுக் கட்டணம், அதாவது பை-இன், கட்டினால் சில்லுகள் கிடைக்கும். அவை தீர்ந்தால் வெளியே போக வேண்டியதுதான். கட்டியவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குத்தான் ஏதாவது பரிசு. அதிலும் பெரும்பங்கு கடைசி மூன்று நான்கு பேருக்குப் போகும். நன்றாக ஆடுபவரும் பத்துப் போட்டியில் எட்டில் வெறுங்கையோடு எழுந்திருப்பார். ஆகவே ஒரு போட்டிக்குக் கட்டுவது மொத்தக் கைமுதலில் மிகச் சிறு பங்காக இருக்க வேண்டும் என்பது விதி. நூறில் ஒரு பங்கு என்பார் சிலர், ஐம்பதில் ஒரு பங்கு என்பார் சிலர். கைமுதல் குறைந்தால் சிறிய போட்டிக்கு இறங்க வேண்டும், வளர்ந்தால் ஒரு படி ஏறலாம்.

இதை உலகறியச் செய்தவர் கிறிஸ் பெர்குசன். கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், 2000-ல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். 2006-ல் அவர் ஒரு சோதனையில் இறங்கினார். ஒரு காசுகூடப் போடாமல், கட்டணமில்லாப் போட்டிகளில் தொடங்கி, 10,000 டாலர் சேர்ப்பது. சாதாரண ஆட்டத்தில் கைமுதலின் 5 விழுக்காட்டுக்கு மேல் வைப்பதில்லை, பலமேசைப் போட்டியில் 2 விழுக்காட்டுக்கு மேல் கட்டுவதில்லை என்று தனக்குத்தானே வரம்பு போட்டுக்கொண்டார். 2007-ல் இலக்கைத் தொட்டார். வரம்பை மீறாத பொறுமைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த வரம்பில் அவரே ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார். ஒரு டாலர் பலமேசைப் போட்டிக்கு 2 விழுக்காட்டு வரம்பு கிடையாது. காரணம் எளிது. ஏணியின் அடிப்படியில் நிற்பவன் இதற்குக் கீழே எங்கே இறங்குவான்? இந்த விதிவிலக்கை மேற்கோள் காட்டுவோர் குறைவு. நம் தம்பி நிற்பதோ கிட்டத்தட்ட அந்தப் படியில்தான். விதியின் உயிரே ‘குறைந்தால் இறங்கு’ என்பதில் இருக்கிறது. இறங்க இடமில்லாத இடத்தில் அது பாதி உயிரோடுதான் வேலை செய்யும்.

இனி நூறு என்ற எண்ணுக்கு வருவோம். திவாலாகும் வாய்ப்பைக் கணிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஆட்டக்காரரின் சராசரி லாப வீதம், ஆட்டத்தின் ஏற்ற இறக்கம், கைமுதல் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். லாப வீதம் 10 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 9 பேர் உட்காரும் ஒற்றை மேசைப் போட்டியில், பரிசு 50, 30, 20 என்று பிரிந்தால், ஏற்ற இறக்கத்தின் அளவு ஏறத்தாழ 1.6 கட்டணம். அங்கே நூறு கட்டணக் கைமுதல் தீர்ந்துபோகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 45 பேர் போட்டியில் அந்த அளவு 3-க்கு அருகே போகும். திவால் வாய்ப்பு பத்தில் ஒன்றாகும். பல நூறு பேர் மோதும் போட்டியில் அளவு 6 என்று வைத்தால், அதே ஆள், அதே திறமை, அதே நூறு கட்டணம், ஆனால் திவால் வாய்ப்பு பத்தில் ஐந்துக்கு மேல். கைமுதலை முந்நூறாக உயர்த்தினாலும் பத்தில் இரண்டு நிற்கும்.

ஆக ‘நூறு பை-இன்’ என்று மொட்டையாகச் சொல்வதில் பொருளில்லை. எத்தனை பேர் ஆடும் போட்டி என்று கேட்காமல் நூறு போதுமா என்று சொல்லவே முடியாது. ஒரு டாலருக்கு ஆயிரக்கணக்கில் பரிசு என்று கண்ணைப் பறிக்கும் பெருங்கூட்டப் போட்டிகளுக்குத்தான் சின்னக் கைமுதல்காரர்கள் ஓடுகிறார்கள். விதி மிகவும் பலவீனமாக இருப்பது அங்கேதான்.

இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி, சாதகமான ஆட்டத்தில் கைமுதலின் எந்தப் பங்கை வைத்தால் அது மிக வேகமாக வளரும் என்று 1956-ல் கணக்கிட்டுக் காட்டினார். மேலே சொன்ன 10 விழுக்காட்டையும் 6 என்ற ஏற்ற இறக்கத்தையும் அந்தக் கணக்கில் இட்டால், ஏறத்தாழ 360-ல் ஒரு பங்குதான் வைக்கலாம் என்று வருகிறது. அதைப்போல் இரு மடங்குக்கு மேல் வைத்தால், லாபம் தரும் ஆட்டத்திலேயே கைமுதல் நாளடைவில் தேயும். நூறில் ஒரு பங்கு வைப்பவர் மூன்றரை மடங்கு வைக்கிறார். இன்னொன்றும் அந்தக் கணக்கில் உண்டு. லாப வீதம் இல்லாதவன் வைக்க வேண்டிய தொகை பூஜ்யம்.

எல்லாம் வந்து நிற்பது இங்கேதான். அந்த 10 விழுக்காடு உங்களிடம் இருக்கிறதா? இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

நோட்டைப் பக்கம் பக்கமாகக் கூட்டினோம். 212 போட்டிகள், தலைக்கு 1.10 டாலர். கட்டியது 233.20. வந்தது 249.80. லாபம் 16.60 டாலர், அதாவது 7 விழுக்காடு. தம்பியின் முகத்தில் மலர்ச்சி. ஆனால் ஒரே இரவில், ஒரு போட்டியில் இரண்டாம் இடம் பிடித்து வந்த 94 டாலர் அதற்குள் இருந்தது. அந்த ஒரு வரியைக் கையால் மறைத்துக்கொண்டு மற்ற 211 வரிகளைப் பார்த்தால், 232.10 கட்டி 155.80 வாங்கியிருக்கிறார். மூன்று மாத லாபம் முழுவதும் ஒரே ஒரு வரியின் தயவு.

இது அவர் குறையன்று. ஆட்டத்தின் இயல்பே அதுதான். ஆனால் 212 போட்டியில் கிடைத்த 7 விழுக்காடு என்ற எண்ணுக்கு இருபுறமும் ஏறத்தாழ 40 விழுக்காடு ஊசலாட்டம் இருக்கிறது. அவர் அருமையான ஆட்டக்காரராகவும் இருக்கலாம், தொடர்ந்து இழப்பவராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இந்த நோட்டு ஒரே மாதிரிதான் இடம் தருகிறது. 10 விழுக்காட்டு லாபம் உள்ளவர் 3,600 போட்டி ஆடினாலும், அதன் முடிவில் நட்டத்தில் நிற்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று. இரவுக்கு மூன்று போட்டி, வாரத்துக்கு ஆறு இரவு என்று வைத்தால் 3,600 போட்டிக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டு.

அந்த நான்கு ஆண்டுக்குக் கூலி என்ன? 1.10 டாலரில் 10 விழுக்காடு 11 சென்ட். 3,600 போட்டிக்கு 396 டாலர். டாலருக்கு நாலேகால் வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் 1,683 வெள்ளி. மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து ஒரு மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. எல்லாம் நல்லபடி நடந்தால், நான்கு ஆண்டு இரவுத் தூக்கத்தின் விலை ஒரு மாதக் கூலிக்குக் கீழே. படியேறினால் தொகை கூடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் படியேறத் தகுதி இருக்கிறதா என்று அறியவே இந்த நான்கு ஆண்டு தேவைப்படுகிறது. மேல்படியில் காத்திருப்பவர்களோ இன்னும் கெட்டிக்காரர்கள்.

அந்த 10 விழுக்காடும் எளிதில் வருவதில்லை. 1.10-ல் ஒரு டாலர்தான் பரிசுக்குப் போகிறது. 10 சென்ட் தளத்தின் கமிஷன். எல்லாரும் சம திறமை என்றால் எல்லாருமே 9 விழுக்காடு இழப்பார்கள். 10 விழுக்காடு லாபம் காண, பரிசுப் பணத்தில் மேசையின் சராசரி ஆளைவிட 21 விழுக்காடு கூடுதலாக அள்ள வேண்டும். நாலு நம்பர் லாட்டரியோடு ஒப்பிட்டால் இது மேல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே கட்டும் ஒரு வெள்ளிக்குச் சராசரியாக அறுபது சொச்சம் காசுதான் திரும்பும். படித்து முன்னேறவும் வழியில்லை. போக்கரில் தொண்ணூறு காசு திரும்பும், திறமைக்கும் இடமுண்டு. அந்த இடம் சின்னக் கட்டணத்தில் எவ்வளவு குறுகல் என்பதே என் கவலை.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு தமிழ்நாட்டில் நீதிமன்றம் வரை போனது. நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையை ஒட்டி 2022-ல் அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் அந்தச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அந்தத் தடைக்குள் வராது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்துக்குமே தடை கொண்டுவந்தது. போக்கர் திறமை ஆட்டம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கான போட்டிகளுக்குப் பின்னால்தான் தலைகாட்டும் திறமை, மாதச் சம்பளக்காரருக்கு அதுவரை அதிர்ஷ்டத்தின் வேடத்தில்தான் வரும். நீதிமன்றம் ஆட்டத்தின் தன்மையைப் பார்த்தது. ஆடுபவரின் பை எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி.

அடுத்தது, அந்தப் பை எங்கே இருக்கிறது என்பது. விதி பேசுவது எவ்வளவு வைக்கலாம் என்பதைப் பற்றி. பணம் யார் கையில் கிடக்கிறது என்பதைப் பற்றி அது மூச்சு விடுவதில்லை. பெர்குசன் தன் சோதனையை நடத்திய தளம் புல் டில்ட். அவரே அதன் இயக்குநர்களுள் ஒருவர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அதன் இணைய முகவரியை முடக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு இது: ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 390 மில்லியன் டாலர், வங்கியில் இருந்தது ஏறத்தாழ 60 மில்லியன். 2012-ல் இன்னொரு பெரிய தளம் அதை வாங்கி, பணத்தைத் திருப்பித் தர வழி பிறந்தது. இருந்தும் அமெரிக்க ஆட்டக்காரர்கள் பலருக்கு 2014 வரை காத்திருப்புதான். இரண்டு விழுக்காட்டு வரம்பைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவரின் பணமும், ஒரே இரவில் எல்லாவற்றையும் மேசையில் வைத்தவரின் பணமும் ஒரே பெட்டியில்தான் முடங்கின. விதி பொய்யில்லை. அதன் கண் எட்டும் தூரம் அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தைத் தமிழர் நாம் ஏற்கெனவே ஒருமுறை பெரும் விலை கொடுத்துப் படித்திருக்கிறோம். பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார், முதலைப் பிரித்துக் கொடுப்பதில் கைதேர்ந்தவர்கள். யாருக்கு எவ்வளவு, எந்தத் தவணை, என்ன ஈடு என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள், ஐந்தொகை எழுதினார்கள். பர்மாவிலும் அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். 1930-ல் நெல் விலை விழுந்து கடன்காரர்கள் நொடித்தபோது ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. 1930-களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்கள் வசம். 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள், பின்னர் நிலம் நாட்டுடைமையானது. ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுத்தும், எல்லாம் கிடந்த நாடு ஒன்றே. தனித்தனி இழப்புகளைப் பிரித்துப் பரப்பலாம். காலடி மண்ணே சரிந்தால் என்ன செய்வது?

பினாங்கில் அந்த மண் தொடக்கத்திலிருந்தே இளகியது. பொதுச் சூதாட்ட இல்லங்களைப் பற்றிய நம் சட்டம், இணையம் வருவதற்கு வெகு முன்பே, 1953-ல் எழுதப்பட்டது. நாட்டில் உரிமம் பெற்ற காசினோ கெந்திங் மலையில் உள்ள ஒன்றுதான். வெளிநாட்டுத் தளத்தில் போட்ட பணம் முடங்கினால் இங்கே எந்தக் கதவைத் தட்டுவது? இடையில் ஏஜென்ட் என்று ஒருவர் முளைத்து, முன்பின் தெரியாதவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அது போலீஸ் எச்சரிக்கும் ‘அக்காவுன் கெல்டாய்’, அதாவது கழுதைக் கணக்காக இருக்கக்கூடும். இதோடு ஒப்பிட, நம்மவர் கூட்டு, அதாவது சீட்டு, கட்டுவதை எண்ணிப் பாருங்கள். முகம் தெரிந்தவர்கள், மாதத் தொகை தெரிந்தது, யார் எப்போது எடுப்பார் என்பதும் தெரிந்தது. அதைத் தொழிலாக நடத்தக்கூடாது என்று 1971-ல் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரில் ‘கூட்டு’ என்ற நம் சொல் அப்படியே இருக்கிறது. முகம் தெரிந்த கூட்டுக்கே இந்தக் கவனம் வேண்டுமென்றால், முகமற்ற தளத்தில் கிடப்பதைக் கைமுதல் என்று எப்படி அழைப்பது?

கடைசியாக, விதி மனத்துக்குள் செய்யும் வேலை. இதில் நன்மையும் தீமையும் ஒரே கிளையில் காய்க்கின்றன. நன்மை பெரிது. தோற்ற ஆத்திரத்தில் விட்டதைப் பிடிக்கக் கட்டணத்தை இரட்டிப்பாக்கும் கையை இந்த வரம்பு பிடித்து நிறுத்துகிறது. குடும்பங்கள் ஆலோங் என்னும் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்பது ஒரு டாலர் போட்டிகளால் அல்ல, விட்டதைப் பிடிக்கும் ஆத்திரத்தால். தீமை அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. வரம்பு இருக்கிறது என்ற தெம்பில், நிறுத்த வேண்டிய நாள் வந்தும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். மது குடிப்பவர் அளவாகத்தானே குடிக்கிறேன் என்று தினமும் குடிப்பதைப் போல.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே தனியாக மூன்று வரிகள். ‘ஸ்பெஷல்’ என்று தலைப்பு. மூன்று சனிக்கிழமைகள், தலைக்கு 11 டாலர், வந்தது ஒன்றுமில்லை. அவர் கைமுதலுக்கு அது பத்தில் ஒரு பங்கு. முன்பக்கக் கூட்டலில் அது சேரவில்லை. சேர்த்துப் பார்த்தால் 16.60 டாலர் லாபம் 16.40 டாலர் நட்டமாக மாறுகிறது. “அது எப்பவாச்சும்தான் அண்ணே, ஆசைக்கு” என்றார். பொய் சொல்கிற பையன் இல்லை அவர். எழுதித்தான் வைத்திருந்தார். ஆனால் விதியை முன்பக்கத்திலும் ஆசையைப் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார். விதி உடையும் இடம் கணிதத்தில் இல்லை, அந்தப் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. இருக்கும் லாப வீதத்தைக் காக்கும் கருவியாக விதி சரி. இல்லாத லாப வீதத்தை அது உண்டாக்காது. சின்னக் கட்டணப் பெருங்கூட்டப் போட்டிகளில், லாப வீதம் இருக்கிறதா என்று அறியும் முன்பே ஆண்டுகள் போய்விடும், அறிந்தாலும் கூலி மிஞ்சாது. பணம் கிடக்கும் இடத்தின் ஆபத்தை விதி அளப்பதே இல்லை, பினாங்கில் அந்த ஆபத்துக்குச் சட்டத்தின் கைத்தாங்கலும் இல்லை. இழப்புக்கு மூடி போடும் ஒழுக்கம் என்ற ஒன்றில்தான் அது முழு மதிப்பெண் வாங்குகிறது. முதல் என்றால் வைத்தால் வளர வேண்டும், கேட்டால் திரும்ப வேண்டும். இந்த 110 டாலர் இரண்டையும் உறுதியாகச் செய்யாது. ஆகவே அது முதல் அல்ல, செலவு. பினாங்கில் இருந்துகொண்டு வருமானத்துக்காக இதில் இறங்காதீர்கள் என்பதே, எண்களைக் கூட்டிக் கழித்த பிறகும் நான் சொல்லக்கூடியது. ஏற்கெனவே இறங்கியவர், போட்ட அன்றே போய்விட்ட பணம் என்று அதை எழுதிக்கொள்ளட்டும். அது தீர்ந்த நாளில் மறுபடி போடாமல் இருக்கட்டும்.

“அப்ப நான் எழுதுனதெல்லாம் வீணா அண்ணே?” என்று கேட்டார் தம்பி. இல்லை என்றேன். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் கணக்கு எழுதும் கை எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்தக் கை சம்பளக் கணக்கையும் வீட்டுச் செலவையும் இதே நேர்த்தியோடு எழுதினால், அங்கே கமிஷன் பிடிக்க ஆள் கிடையாது, மிச்சம் மிச்சமாகவே நிற்கும். பேனாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்பக்கத்தின் மூன்று வரிகளையும் முன்பக்கக் கணக்கோடு சேர்த்து எழுதி, மறுபடி கூட்டத் தொடங்கினார்.